கீமோ எடுக்கவங்களுக்கு நர்ஸ் வீட்டுக்கு போன் பண்ணி பேசுறது, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல யாருக்காவது கிடைச்சிருக்கா?

கருங்கல்பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்க அம்மைக்கு மார்புல கேன்சர், ஆபரேஷன் முடிஞ்சு இப்ப கீமோ ஓடுது, திருவனந்தபுரத்துல 21 நாளைக்கு ஒருக்கா. வைத்தியம் பத்தி குறை சொல்ல ஒண்ணும் இல்ல, நான் கேக்க வந்தது வேற. அங்க டே கேர்ல (மருந்து ஏத்தி அன்னிக்கே வீட்டுக்கு அனுப்புற வார்டு) இருக்க ஒரு சிஸ்டர் மருந்து ஏத்தி ரெண்டு மூணு நாள் கழிச்சு அம்மைக்கு போன் பண்ணுவாங்க, பெறவு பத்தாம் நாள் வாக்குல மறுபடியும். சத்தி (வாந்தி) இருக்கா வயித்தால போகுதான்னு கேட்டுட்டு வெச்சிருவாங்கன்னு தான் நெனச்சோம், ஆனா அம்மை போனை எடுத்துட்டு பின்வாசலுக்கு போயிருது, சில நேரம் அழுதுட்டு வருது, வந்த பெறவு கேக்காமலே கொஞ்சம் கஞ்சி குடிக்குது. பிள்ளைங்க நாங்க மாறி மாறி கேட்டாலும் "ஒண்ணுமில்ல மக்ளே, நல்லாத்தான் இருக்கேன்" அவ்வளவு தான் பதில்.

இப்ப அவ்ளோ தூரம் போய்வர முடியல, பஸ் பாறசாலை தாண்டும்போதே ஓக்காளம் வந்திருது, அதனால மீதி சைக்கிளை, அதாவது மீதி தடவை ஏத்த வேண்டிய கீமோவை, நாரோயில் பக்கமே எடுத்துக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாங்க. மருந்து அதே மருந்து தான். ஆனா இந்த போன் பேச்சு இங்க கிடைக்குமா? இல்லன்னா நாம கேட்டு வாங்க முடியுமா, யார்கிட்ட எப்படி கேக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வார்டு_அக்கா எழுதியது:

தங்கச்சி, நான் கீமோ வார்டுல வேலை பாக்குறவ, எந்த ஆஸ்பத்திரின்னு இங்க எழுதல. நேரா பதில் சொல்லணும்னா எல்லா இடத்துலயும் கிடையாது. சில இடத்துல ஒரு சிஸ்டர் மனசு கேக்காம சொந்த போன்ல, டூட்டி முடிஞ்ச பெறவு பேசிட்டு இருப்பா, அவ வேற வார்டுக்கு மாறினா அதோட அது நின்னு போயிரும். நான் இத வருஷக்கணக்கா பாத்துட்டு இருக்கேன், அதனால தான் சொல்றேன், இது நல்ல மனசை நம்பி நடக்க வேண்டிய காரியம் இல்ல, டூட்டி சார்ட்ல இதுக்குன்னு நேரம் போட்டு, அதுக்குன்னு ஒரு போன் வெச்சு, பேசினதை எழுத ஒரு நோட்டு வெச்சு நடக்கணும்.

ஏன் மூணாம் நாள் பத்தாம் நாள்னு கேட்டா, கீமோ ஏத்துற அன்னிக்கு யாரும் அவ்ளோ அழமாட்டாங்க, சுத்தி ஆள் இருக்கும், சத்திக்கு மருந்து போயிருக்கும். கூடவே டெக்ஸாமெதசோன்னு ஒரு ஸ்டீராய்டு குடுப்போம், அது உள்ள இருக்க வரைக்கும் ஒரு தெம்பு இருக்கும், தூக்கம் வராது, சிலருக்கு எரிச்சல் வரும். அது நின்ன உடனே ஆளு அப்படியே இறங்கிருவாங்க. உடம்பு அடிச்சு போட்டாப்ல இருக்கும், காரணமே தெரியாம அழுகை வரும், "நமக்கு பைத்தியம் பிடிக்குதோ"ன்னு பயந்து போயிருவாங்க. அந்த நாள்ல ஒருத்தி கூப்பிட்டு "இது மருந்து நின்னதால வர்றது, நிறைய பேருக்கு வரும், ரெண்டு மூணு நாள்ல குறையும்"னு சொன்னாலே பாதி பயம் போயிரும். ஏழுல இருந்து பதினாலு நாளுக்குள்ள வெள்ளை அணு ரொம்ப குறையும், கூட்டத்துக்கு போகாதீங்கன்னு சொல்லி வெச்சிருப்போம், அப்ப சர்ச்சும் இல்ல கோயிலும் இல்ல கல்யாண வீடும் இல்ல, ஒரு ரூம்ல தனியா கெடப்பாங்க. மனசு கெடுறதும் அப்ப தான்.

இன்னொண்ணு, அம்மாக்கு பாறசாலையில வர்ற ஓக்காளம் மருந்தால வர்றது இல்ல, போற வழியையும் ஆஸ்பத்திரி வாசனையையும் உடம்பு ஞாபகம் வெச்சிக்கிட்டு முன்கூட்டியே காட்டுறது. இதுக்கு கீமோவுக்கு முந்தின நாள் ராத்திரியே போடுற மாதிரி மாத்திரை இருக்கு, புது இடத்து டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. இடம் மாறினாலும் அது கூடவே வரலாம்.

ரப்பர்காடு_குலசேகரம் எழுதியது:

நான் எடுத்தவன், எனக்கு வந்தது லிம்போமா, நிணநீர்ல வர்ற கேன்சர். ரப்பர் பால்வெட்டு தான் எனக்க வேலை, வெளுக்க முந்தி எழும்பி காட்டுக்கு போயி பழகின ஆளு, ஆறு மாசம் வீட்டுல கெடந்தா எப்படி இருக்கும்னு நெனச்சு பாருங்க. தீனம் விசாரிக்க வாற ஆளுங்க ஒரு பாக்கெட் ஹார்லிக்ஸ வெச்சிட்டு, அவனுக்கும் இதே தான் வந்துது மூணு மாசத்துல போயிட்டான்னு எனக்க முன்னாலயே சொல்லுவாங்க. பொண்டாட்டி அடுக்களையில நின்னு அழுவா, எனக்கு கேக்கும், கேக்காத மாதிரி கெடப்பேன்.

எனக்கும் ஒரு சிஸ்டர் போன் பண்ணினாங்க, மலையாளத்துல தான் பேசுவாங்க, நமக்கு இந்த பக்கம் அது ஒரு பிரச்சினையே இல்ல. முதல் ரெண்டு வாட்டி "கொழப்பமில்ல சிஸ்டர்"னு சொல்லி வெச்சேன். ஏன்னா போன் பொண்டாட்டிக்க கையில, ஸ்பீக்கர்ல, சுத்தி மூணு பேரு. அப்படி வெச்சிக்கிட்டு ஒரு ஆம்பள என்னத்த சொல்லுவான்? பெறவு அவங்களே "தனியா இருக்கும்போ ஒரு மிஸ்டு கால் தாங்க, நான் விளிக்கேன்"னாங்க. அன்னிக்கு தான் சொன்னேன், ராத்திரி ரப்பருக்கு வெச்சிருக்க ஆசிட் பாட்டிலு கண்ணுல படுதுன்னு. அவங்க பதறல, அறிவுரை சொல்லல, "எத்தனை நாளா படுது, இப்ப அது எங்க இருக்கு"ன்னு மட்டும் கேட்டாங்க. நான் லைன்ல இருக்கும்போதே இன்னொரு போன்ல எனக்க தம்பியை கூப்பிட்டு அத அங்க இருந்து மாத்த வெச்சாங்க, மறுநாளே மனநல டாக்டர்கிட்ட பேச வெச்சாங்க. இப்ப மறுபடியும் காட்டுக்கு போறேன். யாராவது இப்படி ஒரு நெனப்புல இருந்து இத வாசிச்சா வெக்கப்படாண்டாம், சொல்லுங்க.

வார்டு_அக்கா எழுதியது:

அண்ணே, இத எழுதினதுக்கு ரொம்ப நன்றி. எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன், "சாகணும்னு தோணுதா"ன்னு நேரா கேட்டா இல்லாத நெனப்பை நாமளே குடுத்திருவோமோன்னு வீட்டுக்காரங்க பயப்படுறாங்க. அப்படி ஆகாது, கேட்டா பாரம் தான் குறையும், நாங்க படிச்சதும் அப்படித்தான், பாத்ததும் அப்படித்தான். நர்ஸ் போன் கிடைக்காத நேரத்துக்கு 14416 இருக்கு, டெலி மானஸ், 2022 அக்டோபர்ல மத்திய அரசு தொடங்கினது, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது.

தோவாளை_பூக்கடை எழுதியது:

எல்லாரும் நல்லதா சொல்றீங்க, நான் கொஞ்சம் மாறி சொல்றேன், யாரும் தப்பா எடுக்காதீங்க. எங்கப்பாக்கு கீமோ போட்ட எட்டாம் நாள் ராத்திரி காய்ச்சல். டிஸ்சார்ஜ் சீட்டுல இருந்த நம்பருக்கு அடிச்சோம் அடிச்சோம் யாரும் எடுக்கல. காலைல கொண்டு போனப்ப வெள்ளை அணு கவுண்ட் இல்ல, ஐசியூ. ஆஸ்பத்திரி பேரு வேண்டாம், எந்த இடத்துலயும் நடக்கலாம். எனக்கு என்ன தோணுதுன்னா பகல்ல கூப்பிட்டு "மனசு எப்படி இருக்கு"ன்னு கேக்குறது ரெண்டாவது, முதல்ல ராத்திரி ரெண்டு மணிக்கு நாம அடிச்சா எடுக்க ஒரு ஆள் வேணும். வார்டுல இருக்க பேஷண்டுக்கே சிஸ்டர் பத்தல, அதுல ஒரு ஆளை போன்ல உக்கார வெச்சா ஊசி யாரு போடுவா? அப்புறம் போன்ல பேசிட்டா எல்லாம் சரின்னு வீட்டுல உள்ளவங்க அசந்து போற ஆபத்தும் இருக்கு.

வார்டு_அக்கா எழுதியது:

அண்ணாச்சி சொல்றதுல நியாயம் இருக்கு, ராத்திரி லைன் கண்டிப்பா வேணும், அதுல எனக்கு மாத்துக்கருத்தே இல்ல. கீமோ எடுக்கவங்களுக்கு 100.4 டிகிரி காய்ச்சல்னா அது அவசரம், பாராசிட்டமால் போட்டு விடியட்டும்னு பாக்கக் கூடாது, யாரும் போன் எடுக்கலன்னா 108-ஐ கூப்பிட்டு பக்கத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு போயி "கீமோ ஓடுது, கடைசி மருந்து இந்த தேதி"ன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க. வீட்டுல தெர்மாமீட்டர் வாங்கி வைங்க, தொட்டு பாத்து சொல்ற கணக்கு வேண்டாம்.

ஆனா நான் பாத்த ஒண்ணு சொல்றேன். நிறைய பேரு ராத்திரி அடிக்கவே மாட்டாங்க. "டாக்டரை தொந்தரவு பண்ணக் கூடாது", "காசு ஆகும்", "மறுபடி அட்மிட் பண்ணிருவாங்க" இப்படி ஏதாவது நெனச்சிக்கிட்டு படுத்திருப்பாங்க. எவ ஒருத்தி ஏற்கனவே ரெண்டு வாட்டி கூப்பிட்டு பேசியிருக்காளோ அவகிட்ட தான் மூணாம் வாட்டி இவங்களா கூப்பிட்டு "காய்ச்சல் மாதிரி இருக்கு சிஸ்டர்"னு சொல்லுவாங்க. நீங்க சொல்ற முதலாவதும் ரெண்டாவதும் ஒண்ணுக்கொண்ணு கை கோத்தது.

ஆள் பத்தாதுங்கறது உண்மை. அதுக்காக தான் எல்லாரையும் எல்லா நாளும் கூப்பிடணும்னு இல்ல, முதல் ரெண்டு சைக்கிள்ல எல்லாரையும், பெறவு யாருக்கு தேவையோ அவங்கள. யாருக்கு தேவைன்னு பாக்க ஒரு வழி இருக்கு, பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் போட்ட ஒரு தெர்மாமீட்டர் படம், "இந்த ஒரு வாரத்துல உங்க மனக்கஷ்டம் எத்தனையில இருந்துது"ன்னு கேக்கணும். நாலும் அதுக்கு மேலயும் சொன்னா விடக் கூடாது, இன்னும் கேக்கணும், டாக்டருக்கு சொல்லணும். போன்லயே கேட்டுரலாம், ஒரு நிமிஷம் ஆகாது. நம்ம ஆச்சிமார் நம்பர் சொல்ல மாட்டாங்க, "அரைக்கால்வாசி வெசனம்"பாங்க, அதையும் நாம புரிஞ்சிக்கணும்.

கடலோரத்தாள் எழுதியது:

தூத்தூர் பக்கம் எங்க வீடு. எங்க வீட்டுக்காரரு தங்கல் வள்ளத்துல போறவரு, போனா ஒரு மாசம் கூட ஆகும், நடுக்கடல்ல போன் கிடைக்காது. நான் கீமோ எடுத்தப்ப அவரு கடல்ல. மாமியாரும் ரெண்டு சின்ன பிள்ளைங்களும் நானும். அன்பியத்துல (சர்ச்ல பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக்குழு) உள்ளவங்க வந்து ஜெபிப்பாங்க, சாப்பாடு குண்டுவருவாங்க, அவங்கள ஒரு நாளும் மறக்க மாட்டேன். ஆனா அவங்ககிட்ட நான் பயப்படுறேன்னு சொன்னா விசுவாசம் இல்லன்னு நெனப்பாங்களோன்னு ஒரு இது. முடி கொத்து கொத்தா வந்தது மூணாவது வாரம், புயல் எச்சரிக்கை சொல்லிட்டு இருந்த நேரம் வேற, நான் முடிக்கு அழுறேனா அவருக்கு அழுறேனான்னு எனக்கே தெரியல. அப்படி இருக்கும்போ வெளியில உள்ள ஒரு பொம்பள, நம்ம ஊரு இல்ல நம்ம சொந்தம் இல்ல, என்ன சொன்னாலும் ஊருக்குள்ள திரும்ப வராது, அப்படி ஒரு ஆளு மத்தியானம் கூப்பிட்டு "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, அவரு விளிச்சாரா"ன்னு கேக்குறது எவ்ளோ பெரிய காரியம்னு எடுத்தவங்களுக்கு தான் தெரியும். அவரு விளிச்சாரான்னு கேட்டாங்க பாத்தீங்களா, அது மருந்துச் சீட்டுல இருக்காது.

மார்த்தாண்டம்_மூத்தவன் எழுதியது:

வாசிச்சிட்டே வந்தேன். எங்க பிரச்சினை வேற. எங்கம்மாக்கு என்ன நோயின்னு நாங்க சொல்லல, வயித்துல கட்டி, அதுக்கு மருந்து ஏத்துறாங்கன்னு மட்டும் தான் சொல்லியிருக்கோம். தாங்க மாட்டாங்க, ஏற்கனவே அப்பா போன பெறவு ரொம்ப ஒடுங்கிட்டாங்க. இப்படி நர்ஸ் நேரா அம்மாக்கு போன் பண்ணினா ஒரு வார்த்தை வெளிய வந்திராதா? எங்க நம்பரை மட்டும் குடுத்து நாங்களே பேசிக்கிறோம்னு சொன்னா போதாதா?

தோவாளை_பூக்கடை எழுதியது:

தம்பி, சொல்லாண்டாம்னு நெனச்சா சொல்லாண்டாம். வீட்டுக்காரங்களுக்கு தெரியாததா நர்ஸுக்கு தெரியப் போகுது.

ரப்பர்காடு_குலசேகரம் எழுதியது:

மக்கா, அம்மைக்கு தெரியும். முடி கொட்டினா தெரியும், பக்கத்து பெட்டுல உள்ளவங்க சொல்லுவாங்க, ஆஸ்பத்திரி வாசல் போர்டுலயே எழுதியிருக்கு. எனக்கும் முதல்ல சொல்லல. நான் தெரியாத மாதிரி நடிச்சேன், அவங்க இல்லாத மாதிரி நடிச்சாங்க, ஒரு வீட்டுக்குள்ள எல்லாரும் ஒருத்தருக்கு ஒருத்தரு பயந்து கெடந்தோம். அந்த நேரத்துல யாருகிட்டயும் பேச முடியாது பாத்தியா, அது நோயை விட கஷ்டம்.

வார்டு_அக்கா எழுதியது:

தம்பி, இந்த கேள்வி எங்க வார்டுல தினமும் வரும், நீங்க மட்டும் இல்ல. அம்மா மேல உள்ள பாசத்துல தான் மறைக்கிறீங்க, அது எங்களுக்கு தெரியும். போன் பண்ற நர்ஸ் நோய் பேரை தானா எடுத்து போடமாட்டா, போட்டா அவளுக்கு அந்த வேலை தெரியலன்னு அர்த்தம். நாங்க கேக்குறது "டாக்டர் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்கம்மா, உங்களுக்கு என்ன தோணுது"ன்னு. எவ்ளோ தெரிஞ்சிக்கணும்னு அவங்க நெனக்கிறாங்களோ அவ்ளோ தான். சிலர் "எனக்க மகனுக்கு தெரியும், அவன் பாத்துக்குவான்"பாங்க, சரின்னு விட்டிருவோம். ஆனா அவங்களே "சிஸ்டர் இது கேன்சர் தானே"ன்னு நேரா கேட்டா இல்லன்னு பொய் சொல்ல எங்களால முடியாது, டாக்டரையும் உங்களையும் உக்கார வெச்சு பேச ஏற்பாடு பண்ணுவோம். இத முன்கூட்டியே உங்ககிட்ட சொல்லிரணும், ஒளிச்சு செய்யக் கூடாது. நீங்களே பேசிக்கிறோம்னு சொல்றது போதாது தம்பி, ஏன்னா உங்ககிட்ட அழாம இருக்கதுக்கு தான் அம்மா பாடுபட்டுட்டு இருப்பாங்க.

எல்லைச்சாலை எழுதியது:

களியக்காவிளை பக்கம் இருந்து, பாலியேட்டிவ் (நோய் ஆதரவு) வாலன்டியர். மலையாளக் கரையில இது புதுசு இல்ல, 1993ல கோழிக்கோட்டுல வலி நிவாரண சொசைட்டி தொடங்கினாங்க, பெறவு ஊரு ஆளுங்களே பேஷண்டு வீட்டுக்கு போயி உக்காந்து பேசுறாங்க. நம்ம பக்கம் 2021ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துலயும் வீட்டுக்கு வந்து நோய் ஆதரவு சேவை குடுக்க நர்ஸ் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுத்து வைங்க. பலரும் படுத்த படுக்கையா ஆன பெறவு தான் கேக்கணும்னு நெனக்கிறாங்க, கீமோ ஓடும்போதே கேக்கலாம். இது சாகப் போறவங்களுக்கு உள்ளது இல்ல.

படிச்சதை_சொல்றேன் எழுதியது:

ஆராய்ச்சி பத்தி யாரும் சொல்லல, சுருக்கமா சொல்றேன். 2020ல காக்ரேன்னு மருத்துவ ஆய்வுகளை சேத்து அலசுற அமைப்போட ஆய்வுத் தொகுப்பு ஒண்ணு வந்துது, கேன்சர் பேஷண்டுகளுக்கு போன் வழியா உதவுறது பத்தி 32 ஆய்வுகளை சேத்து பாத்தது, பெரும்பாலான இடத்துல பேசினது நர்சுகள் தான். மனச்சோர்வு, பதட்டம், அசதி, மனக்கஷ்டம் இதுல எல்லாம் பலன் தெரியுது, ஆனா ஒவ்வொரு ஆய்வும் ஒவ்வொரு மாதிரி நடந்ததால சான்று அவ்ளோ கெட்டி இல்லன்னும் அவங்களே எழுதியிருக்காங்க. அதுல நிறைய ஆய்வு அமெரிக்காவுல நடந்தது, நம்ம ஊருக்கு அப்படியே பொருந்தும்னு நான் சொல்ல மாட்டேன். இன்னொண்ணு 2017ல வந்தது, நியூயார்க்ல பரவின கேன்சருக்கு கீமோ எடுத்த 766 பேரு, ஒரு பகுதி ஆளுங்க தங்களுக்கு உள்ள தொந்தரவை கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணுவாங்க, மோசமானா நர்ஸுக்கு தகவல் போகும். அப்படி செஞ்சவங்க நடு அளவுல 31.2 மாசம் இருந்தாங்க, வழக்கமான கவனிப்புல உள்ளவங்க 26 மாசம். அது போன் இல்ல, மனசை மட்டும் பாத்ததும் இல்ல. ஆனா வீட்டுல நடக்குறது நர்ஸ் காதுக்கு சீக்கிரம் எட்டினா என்ன ஆகும்னு அது காட்டுது. தோவாளை அண்ணே கேட்ட கேள்விக்கு இதுல பாதி பதில் இருக்குன்னு நெனக்கிறேன்.

(இடையில மணவாளக்குறிச்சி மணல், கதிர்வீச்சுன்னு வந்த பதிவுகளை தனி இழைக்கு மாத்தியாச்சு, அத அங்க பேசுங்க. இங்க பேஷண்டுகளும் வாசிக்கிறாங்க, "எதனால வந்துது"ன்னு அவங்க ஏற்கனவே ராத்திரி முழுக்க யோசிச்சிட்டு தான் இருக்காங்க. – நெறியாளர்)

கருங்கல்பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரப்பர்காடு அண்ணனுக்கு தனியா நன்றி. இன்னிக்கு புது ஆஸ்பத்திரில போயி கேட்டேன். அப்படி ஒரு ஏற்பாடு இதுவரைக்கும் இல்லன்னாங்க, ஆனா டே கேர் இன்சார்ஜ் சிஸ்டர் முகத்தை சுளிக்காம கேட்டாங்க, "நீங்க எழுதிக் குடுங்க, டாக்டர்கிட்ட பேசுறேன்"னு சொன்னாங்க. என்ன எழுதணும் அக்கா? பெருசா எழுதினா வாசிக்க மாட்டாங்கன்னு பயம்.

வார்டு_அக்கா எழுதியது:

அரைப் பக்கம் போதும் தங்கச்சி. புகார் மாதிரி இருக்கக் கூடாது. அம்மா இதுவரைக்கும் எடுத்த இடத்துல மூணாம் நாளும் பத்தாம் நாளும் போன் வந்துது, அதனால அம்மா சாப்பிட்டாங்க, மருந்தை நிறுத்தாம வந்தாங்க, இந்த ரெண்டு போன் இங்கயும் கிடைச்சா உதவியா இருக்கும், மத்தியானம் ரெண்டுல இருந்து நாலுக்குள்ள, ஒரே சிஸ்டர் பேசினா நல்லதுன்னு எழுதுங்க. அந்த நேரம் வார்டுல கொஞ்சம் கை ஓயும், எங்களுக்கு தெரியும். ஒரே ஆள்ங்கறது முக்கியம், ஒவ்வொரு வாட்டியும் புது குரல்கிட்ட முதல்ல இருந்து கதை சொல்ல யாருக்கும் தெம்பு இருக்காது. போன்ல மருந்து அளவை கூட்டவோ குறைக்கவோ கேக்க மாட்டோம்னும் ஒரு வரி போடுங்க, டாக்டர்கள் பயப்படுறது அதுக்கு தான்.

தோவாளை_பூக்கடை எழுதியது:

அதுலயே இதையும் சேருங்க தங்கச்சி, ராத்திரில எடுக்குற நம்பர் எது, அது யாரு கையில இருக்கும். சீட்டுல அச்சடிச்ச நம்பரை அங்க நின்னுக்கிட்டே ஒருக்கா அடிச்சு பாருங்க. நானும் வார கடைசில எங்கப்பா காட்டுற இடத்துல இதே மாதிரி ஒரு பேப்பர் குடுக்குறேன், ராத்திரி நம்பரும் இருக்கட்டும் பகல் போனும் இருக்கட்டும், ரெண்டையும் கேக்குறேன்.

மார்த்தாண்டம்_மூத்தவன் எழுதியது:

அக்கா, இன்னும் தங்கச்சி தம்பியோட பேசி முடிக்கல, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஆனா போன் மட்டும் வரட்டும்னு மூணு பேரும் ஒத்துக்கிட்டோம். அம்மாக்கு காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கர் போடாம எப்படி பேசுவாங்க?

வார்டு_அக்கா எழுதியது:

பட்டன் போன் ஒண்ணு வாங்கி சத்தத்தை முழுசா வெச்சு குடுங்க தம்பி, அதுல காதோட வெச்சு பேசினா தெளிவா கேக்கும், தனியா உக்காந்து பேச வசதி. ஸ்பீக்கர் தான் போடணும்னா நீங்க வெளிய போயிருங்க. ஆஸ்பத்திரி நோட்டுல போன் நம்பர் எழுதுற இடத்துல முதல்ல அம்மாக்க நம்பரை எழுதுங்க, உங்க நம்பரை அதுக்கு கீழ.